சுகிர்தபாயின் பிலாவு ஏலத்துக்கு வந்த ஞாயிறு

எங்கள் லூத்தரன் சபையில் சுகிர்தபாய் அக்காவைப் போலச் சத்தமாகப் பாட ஆளில்லை. அவளைப் போல ராகம் தப்பவும் ஆளில்லை. ஆராதனையில் போதகர் ஒரு வரி சொல்ல, சபை மறுவரி சொல்ல வேண்டும். அக்காவின் மறுவரி மட்டும் சபைக்கு முன்னால் ஓடிப்போய் நிற்கும். ஏனக்கா இந்த அவசரம் என்று கேட்டால், "ஆண்டவருக்குக் கேக்க வேண்டாமா?" என்பாள். பாறசாலையில் சொன்னால் காரக்கோணத்தில் கேட்கும் குரல் அது.

அந்தக் குரல் ஒருமுறை நன்றாகவே உதவியது. குடிசை கட்டி இருப்பவர்களுக்கு அந்தக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் நிலம் சொந்தம் என்று சட்டம் வந்த சமயம். அக்காவின் குடிசை நின்ற நிலத்துக்காரரின் காரியஸ்தன் கயிறு பிடித்து அளக்க வந்தான். கயிறு நேராகத்தான் வந்தது. குடிசையோரம் நின்ற வரிக்கைப் பிலாவுக்கு, அந்தப் பலா மரத்துக்கு, பக்கத்தில் வந்ததும் அதற்கு ஒரு வளைவு வந்தது. மரம் வெளியே போய்விட்டது. வருஷா வருஷம் அந்த மரத்துச் சக்கைப் பழத்தைத் தலையில் சுமந்து நிலத்துக்காரர் வீட்டு முற்றத்தில் இறக்கியவள் அக்கா. அவளுக்கென்று கிடைத்தது ஆட்டுக்கு நாலு இலை. அன்று அவள் போய் மரத்தின் வேரில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னையும் சேத்து அளக்கணும். இல்லேன்னா நான் இஞ்சேந்து எழும்ப மாட்டேன்!"

சத்தம் கேட்டு ஊர் கூடியது. காரியஸ்தன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கயிற்றை நேராக்கினான். மரம் அக்காவுக்கு வந்தது. அவள் பெயரில் இந்த உலகத்தில் வந்த முதல் சொத்து அதுதான்.

அவள் புருஷன் ரெத்தினதாஸ் கொத்தனார். ஊரே கல்ஃபுக்கு விமானம் ஏறியபோது அவரும் அபுதாபிக்குப் போனார். கடிதம் எழுதச் சோம்பல். பேசி கேசட்டில் பிடித்து அனுப்புவார். ஒரு கேசட்டில் சொன்னார்: "பிள்ளே, ஒரு டெரஸ் வீடு வெச்சா மதி, அது போதும், பின்ன நான் இஞ்ச வர வேண்டாம், உங்கூடத்தான். ஆனா பிலாவு நிக்குத எடத்திலயாக்கும் வீடு வரும். நான் வாறதுக்கு முன்ன அத வெட்டிப் போடு."

அக்கா கேசட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்து மரத்தைப் பார்த்தாள். வெட்ட மனசு வரவில்லை. மாட்டேன் என்று புருஷனுக்குச் சொல்லவும் தைரியமில்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளையில் காய்த்த முதல் பலனை ஆலயத்துக்குக் கொண்டுவருவோம். பீடத்தின் முன் வைத்து ஜெபித்தபின் முற்றத்தில் ஏலம் போகும். மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, கால் கட்டிய சேவல் எல்லாம் வரும். அந்த வருஷம் அக்கா ஒரே ஒரு பிலாவிலையோடு வந்தாள். அதைப் பீடத்தின் படியில் வைத்து, "மரத்தோட சபைக்குத் தாறேன்" என்றாள். போதகரும் கண்ணை மூடி ஆசீர்வதித்துவிட்டார். ஆண்டவருக்குக் கொடுத்ததில் ரெத்தினதாஸ் கோடாலி வைக்க மாட்டார் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். ஆண்டவருக்கு ஒரு கமிட்டி உண்டு என்பதை மட்டும் மறந்துபோனாள்.

மறுவருஷம் ஆலயக் கதவில் கறையான் ஏறியது. புதுக் கதவுக்குப் பணம் வேண்டும். கமிட்டிச் செயலாளர் செல்லையன் யோசித்தார். "சபைக்க மரம் ஒண்ணு சும்மா நிக்குதல்லவா? பண்டிகையில லேலம் விட்டிரலாம்." எடுத்தவர் வெட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவு. வாரமறிவிப்பில் அதை வாசித்தபோது அக்காவின் மறுவரி அன்று மட்டும் கேட்கவில்லை.

அதற்குள் ரெத்தினதாஸ் லீவில் வந்திருந்தார். வந்த நாள் முதல் கயிற்றுக் கட்டிலை மரத்து மூட்டில், வேரடியில், போட்டுக்கொண்டார். கஞ்சி அங்கே, தூக்கம் அங்கே. சில நேரம் எழுந்து இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்துப் பார்ப்பார். எத்தனை பலகை தேறும் என்று அளக்கிறார் என்று அக்கா நினைத்தாள். கேட்கவில்லை, முறைத்துக்கொண்டு திரிந்தாள்.

பண்டிகை ஞாயிறு வந்தது. மரமும் பறவையும் ஆண்டவரின் சிருஷ்டி, அவற்றைக் காப்பது நம் பொறுப்பு என்று போதகர் உருக்கமாகப் பிரசங்கித்தார். ஆமென் சொன்னவர்களில் செல்லையனின் சத்தமே பெரிது. ஆராதனை முடிந்ததும் அதே தொண்டையோடு முற்றத்தில் நின்று, "வரிக்கைப் பிலாவு, நல்ல தடி, நல்லா பலகை தேறும்!" என்று கூவினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த மர வியாபாரி முதல் விலை சொன்னார். ரெத்தினதாஸ் கூட்டிக் கேட்டார். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா அதற்கும் மேலே கேட்டாள். எங்கள் ஏலத்தில் பெண் ஒருத்தி விலை கேட்டது அதுதான் முதல். கொஞ்ச நேரத்தில் வியாபாரி கையை விரித்துவிட்டு ஒதுங்கினார். அதற்குப் பிறகும் புருஷனும் பெண்டாட்டியும் நிற்கவில்லை. அவர் கையில் கொண்டுவந்த காசை நம்பி ஏற்றினார். இவள் அவர் அனுப்பி பாங்கில் கிடந்த காசை நம்பி ஏற்றினாள். இரண்டுமே டெரஸ் வீட்டுக்குச் சேர்த்த காசு.

"எலே, ரெண்டும் ஒரே வீடல்லவா! ஆராவது நிறுத்துங்க!" என்று யாரோ கத்தினார்கள். முற்றமே சிரித்தது. செல்லையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் புதுக் கதவு தெரிந்தது. கடைசியில் கைக்காசு எட்டாமல் ரெத்தினதாஸ் பின்வாங்க, செல்லையன் மூன்று தரம் சொல்லி மரத்தை அக்காவுக்கே கொடுத்தார்.

அக்கா நேரே புருஷன் முன்னால் போய் நின்றாள். "இனி எப்பிடி வெட்டுவீங்க? பாக்கட்டும்!"

"வெட்டவா?" அவர் முழித்தார். "கேசட்டில சொன்னது அப்பக்க பேச்சு. நான் அத வெட்டாம இருக்கத்தான் பிள்ளே லேலம் கேட்டேன். அங்க மூணு வருசம் வெயில்ல நிண்ணேன். ஒரு மரத்து மூட்டில இருந்து சோறு தின்ன நான் பட்ட ஆசக் கொதி உனக்கு அறியுமா?"

"அத ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"நீ கேட்டியா?"

அக்கா சிரித்தாள், கூடவே அழுதாள். விலையைக் குறைக்கிறோம் என்று போதகர் சொல்லிப் பார்த்தார்; ஆண்டவருக்குச் சொன்ன விலை விலைதான் என்று இருவருமே மறுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குச் சேர்த்த காசு ஏலத்தில் போய்விட, மழைக்கு முன்னால் ரெத்தினதாஸ் மறுபடி அபுதாபிக்குப் போனார். ஆலயத்துக்கு நல்ல தேக்குக் கதவு வந்தது. ஒரு மத்தியானம் நான் போனபோது அக்கா பிலாவின் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"மரத்தப் பிடிச்சு நிப்பாட்டிட்டேன்" என்றாள். "அதுக்க மூட்டில இருக்க ஆசப்பட்ட ஆளத்தான் திருப்பி வெயிலுக்கு அனுப்பிட்டேன்."

அவளால் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.