புன்னைக்காயலில் எழுபது அடி

சனிக்கிழமை, காலை ஆறரை. கோவையிலிருந்து வந்த பேருந்து என்னையும் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயையும் தூத்துக்குடியில் இறக்கிவிட்டுப் போனது. குழாய்க்குள் என் தூண்டில் ராடு. இரவு முழுக்க மடியில் வைத்திருந்ததில் தொடை மரத்துப்போயிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே எழுநூறு ரூபாய்க்கு ஒரு லாட்ஜ். ஆதார் அட்டையைப் புரட்டிப் பார்த்த மேலாளர், "கூட யாரும் வரலியா மேடம்?" என்றார். இல்லை என்றேன். "பின்னால வாராகளா?" அதுவும் இல்லை என்றேன். சாவியைக் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

நான் கோத்தகிரியில் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்தொன்று, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலை ஓடைகளில் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங் செய்வது என் ஒரே பைத்தியம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சுமதிக்கும் அதே பைத்தியம் இருந்தது. என்றைக்காவது கடலுக்குப் போவோம் என்று ஆளுக்குப் பாதி போட்டு இந்தக் கனமான ராடை வாங்கினோம். அவள் இரண்டு வருடம் முன்பு மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டாள். முதலில் வாராவாரம் பேசினாள். இப்போது பூப்படம் போட்ட காலை வணக்கம் மட்டும் வருகிறது. ஊட்டியில் ஒருவர் ராடை விலைக்குக் கேட்கிறார். ஒரே ஒரு முறை கடலில் வீசிப் பார்ப்பது. என் கைக்கு எட்டும் விலையில் இதற்கேற்ற தூண்டில் கயிறு, அதாவது லைன், அமைந்து எழுபது அடி போனால் ராடை வைத்துக்கொள்வது, போகாவிட்டால் திங்கட்கிழமை அவரிடம் கொடுத்துவிட்டு இந்தக் கதையை முடித்துக்கொள்வது. இந்த முடிவோடுதான் வந்திருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நைலான் நரம்பு அதன் பின்னால் போகும். இதில் கொக்கியில் இருப்பது கொஞ்சம் இறகு மட்டும். எடையெல்லாம் தடித்த லைனில்தான். அதைத் தலைக்கு மேலாகப் பின்னால் வீசி, முழுக்க நீளவிட்டு, பிறகு முன்னால் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் ஈ காக்கை இருக்கக் கூடாது. ஓடையில் இருபது அடி வீசினால் போதும். கடலில் பாரை மீன் அறுபது, எழுபது அடி தள்ளித்தான் மேயும். அவ்வளவு தூரத்துக்கென்றே செய்த வெளிநாட்டு லைன் எட்டாயிரம் ரூபாய். என்னிடம் இருந்தது இணையத்தில் ஆயிரத்து அறுநூறுக்கு வாங்கியது. நாற்பத்தைந்து அடி போனதும் மூச்சு வாங்கி விழுந்துவிடும்.

பத்து மணிக்கு மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு தூண்டில் கடை. கடைக்கார அண்ணாச்சி என் லைனை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இது என்ன, கொடிக்கயிறு கெணக்கா இருக்கு. மீன் பாத்தா ஓடிராதா?"

"நுனியில மெல்லிசா ஒண்ணு கட்டுவோம் அண்ணாச்சி."

"சரி, ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

தங்கூசி என்கிற மெல்லிய நைலான் நரம்பில் நாற்பதாம் நம்பர் நூறு மீட்டர் கேட்டேன். தொண்ணூறு ரூபாய். "வீட்டுக்காரருக்கா?" என்றார். எனக்கு என்றேன். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

அறைக்கு வந்து லைனைக் கட்டிலில் பரப்பினேன். என் திட்டம் இதுதான்: முதல் முப்பத்தைந்து அடியை மட்டும் வெட்டி எடுத்து, அதன் வாலில் வழுக்கும் தங்கூசியைக் கட்டுவது. வெட்டிய அந்தக் கனமான தலைப்பகுதி பறக்கும்போது மெல்லிய நரம்பைத் தானே இழுத்துக்கொண்டு போகும். எட்டாயிரம் ரூபாய் தூரம் ஆயிரத்து எழுநூறில் கிடைக்கும். ஆனால் வெட்டினால் வெட்டியதுதான். திருப்பி ஒட்ட முடியாது. சுமதியைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. 'வெட்டட்டுமா?' என்று செய்தி அனுப்பிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பிளேடை எடுத்து வெட்டினேன். முடிச்சு ராடின் வளையங்களில் தட்டாமல் இருக்கப் பசை தடவிக் காயவைத்தேன். இரண்டு பேர் சிரித்துக்கொண்டே செய்திருக்க வேண்டிய வேலை.

சாயங்காலம் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போனேன். பின்னால் ஐஸ்கிரீம் வண்டி, பலூன், குடும்பம் குடும்பமாகப் படமெடுத்துக்கொள்கிற கூட்டம். குழாயைத் திறக்காமலே திரும்பிவிட்டேன்.

ஞாயிறு, காலை ஆறு மணி. திருச்செந்தூர் பேருந்தில் ஏறி ஆத்தூரில் இறங்கினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து புன்னைக்காயலுக்கு ஆட்டோ நூற்றைம்பது. தாமிரபரணி கடலில் சேர்கிற இடம். ஓட்டுநர், "இன்னைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டாக மேடம், மீன் வாங்க முடியாது" என்றார். அதனால்தான் அந்தக் கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடந்துகொண்டிருந்தது. மீன்பிடி வள்ளங்களெல்லாம் கரையேறிக் கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை எனக்குப் பின்னால் வெறும் மணல்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். முதல் நாலைந்து வீச்சு கழுத்தைச் சுற்றிக்கொண்டது. சிக்கலை எடுத்துவிட்டுத் திரும்பினால், நேர் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலை, கையில் ஜெபமாலை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கொக்கி கண்ணுல பட்டுரும்!" என்று கத்தினேன். இரண்டடி தள்ளினாள். நான் கரையோரமாகவே ஐம்பதடி நடந்து வேறு இடத்தில் இறங்கினேன். அவளும் ஐம்பதடி நடந்தாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய கடற்கரையில் இவளுக்கு என் முதுகுதானா கிடைத்தது? வீட்டில் போய் இட்லி சாப்பிட வேண்டியதுதானே!

கடைசியில் அவளை ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டு, உடம்பைச் சாய்த்து, பக்கவாட்டில் சுழற்றி விட்டேன். லைனின் தலைப்பகுதி பறந்தது. இடுப்பைச் சுற்றிச் சுருண்டு மிதந்த தங்கூசி சுர்ரென்று வளையங்களுக்குள் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. எழுபது அடிக்கு நான் வைத்திருந்த சிவப்பு அடையாளமும் வளையத்தைத் தாண்டிப் போய்விட்டது. "போயிருச்சு! பாத்தீங்களா?" என்று திரும்பினேன். வேறு யாரிடம் சொல்ல?

"பாத்தேன், பாத்தேன். கரைக்கு வாங்க மொதல்ல."

வெளியே வந்து, ஏன் இப்படிப் பின்னாலேயே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இன்னைக்கு வள்ளம் ஒண்ணும் கடல்ல கெடையாதுல்லா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு தூக்குவா? ஒத்தையில இடுப்புத் தண்ணியில நிக்கிய. எர இல்ல, ஈயம் இல்ல, சும்மா கம்ப ஆட்டுதிய. மீன் புடிக்க வந்த ஆளுன்னு நான் நெனைக்கல."

"வேற எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க?"

அவள் கடலைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. என் முகத்தில் அப்படியா எழுதி ஒட்டியிருந்தது? மறுத்துச் சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. அவள் பெயர் ஜெசிந்தா. ஒன்றும் விசாரிக்கவில்லை. "இன்னும் வீசணும்னா வீசுங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று மணலில் உட்கார்ந்துகொண்டாள். பத்து மணி வரை வீசினேன். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அவள் வீட்டில் இட்லியும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். புறப்படும்போது என் போனை வாங்கித் தன் எண்ணை அழுத்தி, "ஊருக்குப் போயிச் சேந்ததும் ஒரு வார்த்த சொல்லிருங்க டீச்சர்" என்றாள்.

எங்கள் ஓடையில் மூன்று மணி நேரம் நின்றாலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதை நிம்மதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆத்தூர் பேருந்து நிறுத்தத்தில் நின்று ஊட்டிக்காரருக்கு, ராடு விற்பனைக்கு இல்லை என்று செய்தி அனுப்பினேன்.

திங்கட்கிழமை விடிகாலை கோத்தகிரி வீட்டுப் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தேன்.

"வந்து சேந்துட்டேன்" என்றேன்.

"சேந்தாச்சா? நல்லது. இன்னும் வரலியேன்னுதான் முழிச்சிக் கெடந்தேன்" என்றாள் ஜெசிந்தா.