ஏழாம் நிலையத்தின் எலிகள்

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்கள் அந்தக் குழிக்குள் ஒருமுறை மூக்கை நீட்டிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

நிலநடுக்கக் கண்காணிப்பு மையத்தில் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. எங்கள் ஏழாம் நிலையம் மலைமேல், பூமிக்கடியில் ஒரு சிறிய சிமென்ட் அறை. அங்குள்ள கருவியின் அருகே ஒருவர் அசைந்தாலே மையத்துத் திரையில் கோடு துள்ளும். மலையடி ஊரின் சைரன் இதை நம்பித்தான் இருக்கிறது. நிலம் ஆடுவதற்குப் பத்து நொடி முன்னால் அலறும். பள்ளிப் பிள்ளைகள் மேசைக்கடியில் புக அது போதும். என் தங்கையின் பிள்ளைகள் இருவரும் அந்தப் பள்ளிதான்.

கோடு காரணமில்லாமல் துள்ளுகிறது, எலியாக இருக்கும் என்று பத்து நாளாகச் சைரன் இணைப்பைத் துண்டித்து வைத்திருந்தார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

மதியம் 2.10. மூடியைத் திறந்து ஏணியில் இறங்கினேன். ஒரே நாற்றம். செத்த எலிகள், ஆறு. ஒன்று வயரோடு ஒட்டிக் கூழாகியிருந்தது. வழித்துத்தான் எடுத்தேன். சீ! இன்று நினைத்தாலும் சாப்பாடு இறங்காது.

2.55. கையுறையைக் கழற்றி மையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது மேலதிகாரி. எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா.

"எலியெல்லாம் எடுத்தாச்சுக்கா."

"இன்னும் கோடு துள்ளுதே தம்பி. கொஞ்சம் ஆடாம நில்லு."

நின்றேன். மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

"ஆடாதேன்னா கேக்க மாட்டியா?"

"ஆடலைக்கா."



"அப்போ… கூட யாரு?"

டொக். டொக். டொக்.

ஏணியில்… என் முதுகுக்குப் பின்னால்.

பாய்ந்து ஏணிக் கம்பியைப் பிடித்தேன்.

வழுவழுப்பு… வெதுவெதுப்பு…

விரல்கள்.

எப்படி மேலே வந்தேன், தெரியாது.

மறுநாள் பழைய பதிவுகளைத் தோண்டினேன். எட்டு வருடம் முன்பு மண் சரிந்து அந்த மூடி அடைபட்டிருக்கிறது. உள்ளே எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவர். ஊருக்குப் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். பதினோராம் நாள் உடலை எடுத்தார்கள். பதிவில் மூன்று தட்டு, இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. அறுபத்தொரு மணி நேரம். ஓரத்தில் அக்காவின் கையெழுத்து: 'எலித் தொல்லை. சைரன் இணைப்பு துண்டிப்பு.'

அந்த விரல்களைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு அதிக அருவருப்பு.

"எலின்னுதான் நினைச்சேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"சைரனுக்கு இணைப்பக் குடுங்கக்கா."

"அந்தத் தட்டு நிக்கட்டும். குடுக்கிறேன்."

நிற்கவில்லை. இன்று காலை 9.20க்கும் மூன்று தட்டு. தங்கை பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள்.