பின்னிருக்கையில் ஓர் ஒலிப்பதிவு

எனக்குத் தேவைப்பட்டது அரைமணி நேரப் பேச்சு. இரண்டு மாவட்டங்களின் தமிழ், அதுவும் இயல்பாக. கடல் கடந்து இலக்கியம் படிக்க வந்த எனக்கு மொழியியல் தாள் ஒன்று கட்டாயமாக இருந்தது. அதில் தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். உதவித்தொகை நின்றால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். கேசட்டைத் திங்கட்கிழமை பேராசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். அன்று சனிக்கிழமை.

ஆளுக்குப் பஞ்சமில்லை. பிளெய்ன்ஸ்பரோவில் என் அறைக்கு நேர் கீழ்வீட்டில் இருந்த ஆன்ட்டி பொள்ளாச்சிக்காரர், அங்கிள் திருநெல்வேலி. ஒரே பொறியியல் கல்லூரியில் படித்து, இரு வீட்டாரையும் எதிர்த்து மணந்துகொண்டவர்கள். மாடிப்படி இறங்கும்போதே அவர்கள் கதவுக்குப் பின்னால் இரண்டு மாவட்டங்கள் மோதிக்கொள்வது கேட்கும். ஆனால் டேப் ரெக்கார்டரை மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தியதும், அந்த வீட்டில் வேறு யாரோ இருவர் குடிவந்துவிட்டார்கள்.

"வணக்கம்," என்றார் ஆன்ட்டி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு. "எங்கள் ஊரில் தென்னை மரங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன."

அங்கிள் தொண்டையைச் செருமினார். "தாமிரபரணி ஒரு வற்றாத நதியாகும்."

பதிவை நிறுத்தினேன்.

"அப்பாடா! காப்பி வெக்கட்டுமா அம்மிணி? மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப் போச்சு?"

"ஏட்டி, புள்ளைக்கு முறுக்கு எடுத்துக் குடு. காலைலேருந்து ஒண்ணும் திங்கல போலுக்கு."

அவசரமாகப் பொத்தானை அழுத்தினேன்.

"முறுக்கு ஒரு சுவையான சிற்றுண்டியாகும்," என்றார் ஆன்ட்டி.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. மதுரையிலிருந்து சென்னைக் கல்லூரிக்குப் போன முதல் வாரம், "மெஸ்ஸைப் பூட்டிட்டாய்ங்க" என்று நான் சொன்னதை விடுதியே ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது. அன்றுமுதல் அச்சடித்ததுபோலவே பேசிவந்தேன். ஊர் எதுவென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஞாயிறு காலை ஆன்ட்டி கதவைத் தட்டினார். அவருக்கு அடுத்த வாரம் டிரைவிங் டெஸ்ட். பிரிட்ஜ்வாட்டர் கோயில்வரை ஓட்டிப் பழகப் போகிறாராம். "நீயும் வா கண்ணு. சாமி கும்புட்டாப்பலயும் ஆச்சு, உன்ற வேலை ஆனாப்பலயும் ஆச்சு." பின்னிருக்கையில் ஏறி, மடியில் ரெக்கார்டரை வைத்து, ஓடுகிறது என்றும் சொன்னேன். முன்னிருக்கைகளிலிருந்து இரண்டு வணக்கங்கள் வந்தன. பிறகு ஹைவேயில் ஏறும் வளைவு வந்தது.

"ஏட்டி, பைய போ. பைய போன்னு சொல்லுதேம்லா!"

"மெதுவாத்தானுங்க போறேன். இதுக்கு மேல மெதுவாப் போகோணும்னா எறங்கித் தள்ளோணும்."

"அங்கன பாரு, லாரி வாரான். மெர்ஜ் பண்ணு. பண்ணாத! அவன் போகட்டும்."

"போன்னீங்க, இப்ப நில்லுங்கறீங்க. சித்த கம்முனு இருங்க!"

"கம்முனு இருந்தா நேரா மேலோகந்தான். ஏ சவத்த மூதி, ஹாரன் அடிக்கான் பாரு!"

"அவன எதுக்குங்க வையறீங்க? அவனாச்சும் ஒழுங்கா ஓட்டறான்."

கேசட் தீரும்வரை இருவரும் ஓயவில்லை. நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பயத்தினால்தான் என்றாலும், அதில் பாதி பரவசம்.

கோயில் வாகன நிறுத்தத்தில் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். கையெழுத்தில்லாத கேசட்டைப் பேராசிரியர் தொடமாட்டார். ஆன்ட்டி முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஓடவிட்டேன். இரண்டே நிமிடத்தில் அவர் முகம் சிவந்தது.

"நானா இது? சந்தைல ஆட்டுக்கு வெலை பேசறாப்பல இருக்குது! இதையவா காலேஜ்ல போட்டுக் காட்டுவ? நான் கையெழுத்துப் போடமாட்டேன் சாமி."

"வேண்டாம்மா," என்றார் அங்கிளும். "அதுல ஒரு வசவு வேற கெடக்கு."

உதவித்தொகை என் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. எப்படிக் கெஞ்சுவது என்று இலக்கணச் சுத்தமாக வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோது, நிறுத்த மறந்த ரெக்கார்டரிலிருந்து மூன்றாவதாக ஒரு குரல் அலறியது.

"ஆத்தாடி! அங்கிட்டுத் திருப்புங்க, அங்கிட்டு! மேல ஏத்த வர்றாய்ங்க!"

அந்த வளைவில் நான் வாயே திறக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இருவரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆன்ட்டி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அவர் நெற்றி பட்டு ஹாரன் அடித்தது.

"ஒரு வருசமா நியூஸ் வாசிக்கறாப்பலயே பேசுச்சே, இந்தப் புள்ளயா இது!"

"மதுரைன்னு ஒரு வார்த்த சொன்னியாம்மா நீ?" என்றார் அங்கிள், ஏமாற்றப்பட்டவராக.

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார். "ஒண்ணு சொல்றேன் அம்மிணி. நீயும் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடு. உன்ற கத்தலும் அதுலயே இருக்கோணும், வெட்டப்படாது. அப்பத்தான் நாங்க போடுவோம்."

விடுதிச் சிரிப்பு ஒருகணம் காதில் கேட்டது. பையிலிருந்து மூன்றாவது படிவத்தை எடுத்தேன்.

தாளில் தேறினேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: மூன்றாவது பேச்சாளரின் மொழிதான் மிகவும் இயல்பு, அவரிடமிருந்து இன்னும் அரைமணி நேரம் பெற முடியுமா?

மூன்றாவது பேச்சாளர் கூச்ச சுபாவம் உள்ளவர் என்றும், டிரைவிங் டெஸ்டில் ஆன்ட்டி வெற்றிபெற்றுவிட்டதால் இனி அவரைப் பேசவைக்க வழியில்லை என்றும், முறையாகப் பதில் எழுதினேன்.