பாதி ஏரியில் ஒரு ‘வேண்டாம்’

போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்த்தார்கள். வீட்டில் இல்லை... ஆவடிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில்!

பஜ்ஜி, சொஜ்ஜி, குனிந்த தலையோடு காபித் தட்டு — இதெல்லாம் என்னிடம் நடக்காது என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை இந்தப் பத்தியில் எத்தனை வாரம்தான் சொல்வாய் என்கிறீர்களா? இந்த வாரமும் சொல்வேன். ஆகவே, ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறதே, நடந்துகொண்டே பேசுகிறோம் என்றேன். முகப்பேர் ஃப்ளாட்டில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாரும் சரி என்றார்கள்.

இரண்டு அம்மாக்களும் கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் கிளம்பினோம்.

நல்ல மனிதர்தான். ஐ.டி. வேலை, புது ஷூ, சுமாரான ஜோக்குகள். இருபது நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் சொன்னார்: “கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க வேலைக்குப் போய்க் கஷ்டப்பட வேணாம்ங்க. நான் பாத்துக்கறேன்.”

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

“கஷ்டப்பட்டு வாங்கின வேலைங்க. விட மாட்டேன்.”

“இல்ல, அம்மா வீட்ல தனியா...” என்று இழுத்தார்.

“அப்ப இது சரிப்படாதுங்க.”

சொல்லிவிட்டேன்! என்ன ஒரு கம்பீரம்! நிமிர்ந்து பார்த்தால்... சரியாகப் பாதி ஏரியில் நிற்கிறோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வேலி, மொத்தத்துக்கும் ஒரே கேட். முன்னால் போனாலும் அதே தூரம், திரும்பினாலும் அதே தூரம். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து நடந்தாலும் ஒரே நேரத்தில்தான் கேட்டில் போய் நிற்போம்!

வேறு வழி? சேர்ந்தே நடந்தோம். வேகமாக... மிக வேகமாக.

“நீர்க்காகம்” என்றார், தண்ணீரில் ஒரு பறவையைக் காட்டி.

“ம்ம்.”

ஐந்து நிமிடம் கழித்து, “அதுவும் நீர்க்காகம்தான்.”

கேட்டுக்கு வந்தால் அம்மா முகமெல்லாம் சிரிப்பு. நாங்கள் அக்கரையில் பறந்த பறப்பை பெஞ்சிலிருந்தே பார்த்திருக்கிறார்.

“பாத்தியா சம்பந்தி, ஜோடியா இன்னா வேகமா வந்துகினு கீதுங்க! தையிலயே வெச்சிக்கலாம்.”

அதற்குள் சம்பந்தியா! நான் வாய் திறக்கும் முன் அவரே சொல்லிவிட்டார்: “இல்ல ஆன்ட்டி... அவங்க பாதி ஏரியிலயே வேணாம்னுட்டாங்க.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “அப்ப மிச்ச ஏரியை இன்னாத்துக்குடி அவரோட சுத்திகினு வந்தே?”

“வழி இல்லம்மா!”

வண்டியருகே வந்ததும் அம்மா காரணம் கேட்டார். சொன்னேன். “வேலைய உடணுமாமா? சரிதான், வண்டிய எடு, ஊட்டுக்குப் போலாம்” என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

வேண்டாம் என்று சொல்ல தைரியம் மட்டும் போதாது தோழிகளே... பக்கத்தில் ஒரு கேட்டும் வேண்டும்!