பாறை உறுதியாகத்தான் இருந்தது

போன வாரம் கல்வராயன் மலைக்குப் போய்வந்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்ஸி பிடித்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

எனக்கு உயரம் என்றால் பயம். சும்மா பயம் இல்லை. உள்ளங்கால் கூசும், கையில் எது கிடைத்தாலும் இறுகப் பிடித்துக்கொள்வேன். அன்று கிடைத்தது டிரைவர் சீட்டின் முதுகு.

"இன்னா சார்… ரோடு போட்ற இன்ஜினீயரா இருந்தேன்னு சொன்னீங்க, நீங்களே கண்ண மூடிக்கினு வர்றீங்க?" என்றார் டிரைவர்.

"நீங்க ரோட்டைப் பாருங்க தம்பி."

"நான் பாத்துக்கினு தான் வர்றேன். நீங்க தான் ஜாஸ்தி புடிச்சி இழுக்கறீங்க. சீட்டு பேத்துக்கினு வந்துடும் போல!"

சிரித்தேன். கண்ணைத் திறக்காமல்தான்.

இந்தப் பாடு எதற்கு? ஒரு சாலையைப் பார்க்க. மலைமேல் ஒரு சின்ன ஊருக்குப் புதிதாகச் சாலை போட்டிருக்கிறார்கள் என்று பழைய ஆபீஸ் நண்பர் போனில் சொன்னார். அன்று முதல் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அந்த இடத்தில் சாலை போடவே முடியாது என்று பல வருடங்களுக்கு முன் சொன்னவன் நான்.

அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த ஊரை — பெயர் வேண்டாமே — மெயின் ரோட்டோடு இணைக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாறை விளிம்பை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. அதை வெட்டி அகலப்படுத்தினால் ஊர் வாசலுக்கே சாலை போய்விடும். மற்றது, மலையின் மறுபக்கம் காட்டுக்குள் சுற்றிப் போவது. அது வேறு ஊர்களைத் தொடும். இந்த ஊர் வெகு தூரத்தில் தனியாக நின்றுவிடும். பணம் ஒரு சாலைக்குத்தான் இருந்தது. இரண்டு வழியிலும் நடந்து பார்த்து, எது சரி என்று நான் சொல்ல வேண்டும்.

காட்டு வழியாக நடந்து ஊருக்குப் போய்விட்டேன். அது சுலபம். மறுநாள் காலை விளிம்புப் பாதையில் இறங்க வேண்டும். வழிகாட்ட வெள்ளையன் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்தார். என் வயதுதான். அவர் மனைவி குப்பாயியும் தலையில் கடுக்காய் மூட்டையோடு கூடவே கிளம்பினார். கீழே சந்தைக்குப் போக அவருக்கு அதுதான் வழி.

முதல் வளைவு தாண்டியதும் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம்… ஒன்றுமே இல்லை. கீழே மரங்களின் உச்சி கீரைப் பாத்தி மாதிரி தெரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார், குந்திட்டீங்க?" என்றார் வெள்ளையன்.

"தலை சுத்துது."

"கீழ பாக்காதீங்க சார். எம் முதுகயே பாத்துக்கினு வாங்க."

எழுந்து நிற்க முடியவில்லை. கையையும் ஊன்றிக் கொஞ்ச தூரம் தவழ்ந்தேன். குப்பாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐய… எங்க வூட்டு ஆட்டுக்குட்டி இதுல குதிச்சிக்கினு ஓடும். ஆபீசரு தவழ்ந்துக்கினு வர்றாரே!"

"ஏய், சும்மா இரு. சார் கோச்சுக்கப் போறாரு."

"கோச்சுக்கினா கோச்சுக்கட்டும். சார், இந்தாங்க, என் முந்தானிய புடிச்சிக்குங்க. மூட்டையோட சேத்து உங்களையும் கீழ கொண்டுபோயி எறக்கிடறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்ஜினீயரிங் படித்தவன், கவர்மென்ட் ஆபீசர், ஒரு பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மலை இறங்குவதா? "இந்த வழி ஆகாது. பாறை சரியில்லை" என்றேன். திரும்பினேன். தவழ்ந்தே ஊருக்குப் போய், காட்டு வழியாக இறங்கிவிட்டேன்.

அந்தப் பாறையை நான் ஒரு தட்டு தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பயத்துக்கு ஒரு குணம் உண்டு. அது தன் சொந்தப் பெயரில் வருவதே இல்லை. என் மகன் ஏழாவது மாடியில் ஃபிளாட் பார்த்தபோது, "வாஸ்து சரியில்லப்பா" என்றேன். வாஸ்துவை ஒருநாளும் நம்பாதவன் நான்! அதாவது பரவாயில்லை, வீட்டுக்குள் முடிந்துபோன பொய். அன்று மேலதிகாரியிடம் போய், "இரண்டு வழியும் நடந்து பார்த்தேன் சார். அந்தப் பாறை பிடிப்பில்லாத பாறை. மழையில் சரியும்" என்றேனே… அது?

அவர் என்னை நம்பினார். சாலை மறுபக்கம் போனது. அங்கிருந்த ஊர்களுக்கு பஸ் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போனார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொண்டேன். எனக்குப் பின் வந்தவர்களும் அந்த விளிம்புப் பாதைக்குப் போகவில்லை. ஆகாது என்று ஒருவர் சொல்லிவிட்ட இடத்தை இன்னொருவர் எதற்கு மெனக்கெட்டுப் பார்க்கப் போகிறார்?

"வந்துட்டோம் சார். கண்ண தொறங்க" என்றார் டிரைவர்.

இறங்கிப் பார்த்தேன். அதே விளிம்பு. பாறையை வெட்டி, ஜீப்பும் வேனும் தாராளமாகப் போகிற மாதிரி சாலை. எத்தனையோ மழை பார்த்த பாறை, ஒரு விரிசல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

வெள்ளையன் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். வாசலில் மரவள்ளிக் கிழங்கு வெட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. யாரென்று சொன்னதும் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். குப்பாயி எங்கே என்று கேட்டேன்.

"அவ போயி ரொம்ப வருசம் ஆச்சி சார்."

ஒரு மழைக்காலத்தில் தாங்க முடியாத வயிற்றுவலி வந்திருக்கிறது. விளிம்புப் பாதையில் தனி ஆள் நடக்கலாம். கட்டிலில் ஒருவரைக் கிடத்தி நான்கு பேர் தூக்கிப்போக முடியாது. அதனால் காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"நீங்க போட்ட ரோட்ட புடிச்சிட்டா பஸ்ஸு கெடைச்சிடும்னு தூக்கிக்கினு ஓடினோம் சார். பாதி காடு வரைக்கும் பேசிக்கினு தான் வந்தா. 'டேய், கீழ போட்டுடாதீங்கடா, நான் ஒண்ணும் கடுக்கா மூட்ட இல்ல'ன்னு தூக்கனவங்களயே கிண்டல் பண்ணிக்கினு… ரோடு கண்ணுக்குத் தெரியற எடத்துல பேச்சு நின்னு போச்சி."

அவர் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் மூடி வைத்துக்கொள்ள முடியவில்லை.

"வெள்ளையன்… பாறையில எந்தக் குறையும் இல்ல. நான் பார்க்கவே இல்ல. பயந்துட்டேன். ஆபீஸ்ல போய்ப் பொய் சொன்னேன்."

அவர் கிழங்குத் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க தவழ்ந்தத நானும் தான சார் பாத்தேன். அவளும் பாத்தா."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல? ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை…"

"சொல்லிடலாம்னு தான் கெளம்பினேன். அவ தான் வாணாம்னுட்டா. 'சின்ன வயசு, வேல போயிடப் போவுது. பயந்த மனுசன் இன்னா பண்ணுவாரு? பயப்படாத ஆளா பாத்து ஒருத்தர அனுப்பி வெப்பாரு, பொறு'ன்னா. நாங்களும் பாத்துக்கினே இருந்தோம் சார்."

அப்படி ஒருவர் இருந்தார். ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிற மனுஷர். "நீங்க ஒருதடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்றிருந்தால் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

நான் கேட்கவில்லை. கேட்டால், எனக்குப் பயம் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே!