விஷம் என்று எழுதியவள்

என் அக்கா சுவரில் எழுத்து எழுதுகிறவள். உலகம் குப்புற விழுவதற்கு முன்னால் கடைப் பலகைகள் எழுதினாள். விழுந்த பிறகு "தண்ணீர் இல்லை", "உள்ளே வராதே" என்று எழுதினாள். கூலி அரை வயிற்றுச் சாப்பாடு. ஊரே அவளைப் பெயிண்டரக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளுடைய ஒரே மகள் பசியில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அக்கா அழுததையும் நான் பார்க்கவில்லை, கோபப்பட்டதையும் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்தாள், மறுநாள் வேலைக்குப் போனாள்.

அவள் புருஷன், அதாவது என் மாமா, தையல்காரர். நல்ல மனுஷன், ஆனால் ஓட்டை வாய். காதில் விழுந்த எதுவும் தெருமுனை வரை போய்ச் சேராமல் அவருக்குத் தூக்கம் வராது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் கிடங்கில் மிச்சமிருந்தது விதைச் சோளம் மட்டும்தான். ஊர்க் கமிட்டி அதையும் பங்கு போட முடிவு செய்தது. கொஞ்ச நாள் எல்லோரும் வயிறாரச் சாப்பிடலாம். பிறகு விதைக்க ஒன்றும் இருக்காது, ஊரோடு சாகலாம். இதைச் சொல்லப்போன என்னையும் கிடங்குக் காவல்காரரையும் கமிட்டி ஆட்கள் பின்னி எடுத்துவிட்டார்கள். அப்படித்தான் நாங்கள் கலகக்காரர்கள் ஆனோம். பெரிய கலகக்காரர்கள்! கையில் உருப்படியாக ஒரு கத்திகூடக் கிடையாது. மூட்டைகளைக் கடத்த லாரியும் இல்லை, லாரி கிடைத்தாலும் டீசல் இல்லை.

அக்காதான் வழி சொன்னாள். "எதுக்குடா கடத்தணும்? சாயம் பூசிட்டாப் போதும். பூச்சி மருந்து போட்ட விதை செவப்பாத்தானே இருக்கும்."

சுவரில் எழுதப் போகிறோம் என்று சொல்லிப் பட்டப்பகலில் கிடங்குக்குள் போனோம். காவல்காரர் கதவைச் சாத்தினார். செங்கல்லை இடித்துப் பிசினில் குழைத்த சிவப்புச் சாயத்தை விதை மேல் ஊற்றிப் புரட்டினோம். பாதி வேலையில் கமிட்டித் தலைவர் வந்து கதவைத் தட்டினார்.  அக்கா நிமிரக்கூட இல்லை. "பெயிண்ட் காயலைங்க, சட்டையில ஒட்டிக்கும், நாளைக்கு வாங்க" என்றாள். மனுஷன் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்ததும் விதையை மூட்டைகளில் கட்டினோம். பசியில் செத்துக் கிடந்த நாய் ஒன்றை இழுத்து வந்து பக்கத்தில் போட்டோம். மறுநாள் காவல்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் பூச்சி மருந்து போட்ட விதை, தின்ற நாய் செத்துவிட்டது! ஊருக்கு எச்சரிக்கை என்று சொல்லி அக்கா மூட்டைகளின் மேல் பெரிதாக 'விஷம்' என்று எழுதினாள். ஊர் நம்பியது. தின்ன முடியாததைப் பங்கு போட்டு என்ன ஆகப்போகிறது? மழை வந்தால் விதைத்துத் தொலையுங்கள் என்று கமிட்டி விட்டுவிட்டது.

மாமாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. "அவர்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள எல்லா வீட்டு அடுப்பிலயும் சோளம் வெந்துடும்" என்றாள் அக்கா. நியாயம்தான். ஆனால் மகள் போனதிலிருந்து அவரும் வாயைத் திறப்பதில்லை என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு காலையில் அவர் நேராகக் கிடங்குக்குப் போனார். நின்றவர்கள் எல்லோரும் பார்க்க ஒரு பிடி சிவப்பு விதையை அள்ளி மென்று தின்றார். வீட்டுக்கு வந்து கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஓடி வந்து பார்த்தபோது அக்கா அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இன்னும் போகலையே. சாகறதுக்குக்கூட எனக்குக் கொடுத்து வைக்கலையா?"

அக்கா கதவைத் தாழ் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், எனக்கும் தொற்றிக்கொண்டது. அதற்குள் தெருவில் ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. அவர் உயிரோடு எழுந்து வெளியே போனால் விதை மிஞ்சாது. விதை மிஞ்சாவிட்டால் ஊர் மிஞ்சாது. யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ நான் செத்துதான் ஆகணுமா?" என்றார் மாமா.

"ஊருக்கு மட்டும். அறுப்பு முடிஞ்சதும் வந்துடுங்க."

"நான் போனா நீ தனியா இருந்துடுவியா?"

 அக்கா ஒரு போர்வையை உதறி அவரைத் தலையோடு மூடினாள்.

விஷம் தின்ற உடம்பைத் தொட ஒருத்தரும் முன்வரவில்லை. எங்களுக்கு அதுவே வசதி. நானும் காவல்காரரும் அவரை இடுகாட்டு மேட்டுக்குத் தூக்கிப்போய் வெறும் குழியை மண் போட்டு மூடினோம். மாமா மேட்டுக்குப் பின்புறம் இறங்கி நடந்தார். வாசலில் நின்ற அக்காவின் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள் பெண்கள். பொய் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் பட்டது.

மழை வந்தது, விதைத்தோம், விளைந்தது. ஊர் பிழைத்தது, ஆனால் யாருக்கும் வயிறு நிறையவில்லை. அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்த மூட்டைகளைக் கமிட்டி மறுபடியும் முறைத்துப் பார்த்தது. அக்கா மறுபடியும் செங்கல் இடித்தாள். விதைக்கு மருந்து போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி தின்றுவிடும் என்றாள். தையல்காரர் செத்ததைக் கண்ணால் பார்த்த ஊர் எட்டியே நின்றது.

வெட்டவெளியில் உட்கார்ந்து விதையைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஊர் எல்லையில் இருக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து நின்றார். தாடி, தோளில் ஒரு பை. அந்த நடை எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் எழுந்தேவிட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவரையே பார்த்தாள். தள்ளி நின்று மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்களையும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மாமா கொஞ்ச நேரம் நின்றார். பையைத் தோள் மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

"அறுப்பு முடிஞ்சதும் வரச் சொன்னியேக்கா" என்றேன். 

"ஒரு அறுப்புதானேடா முடிஞ்சிருக்கு" என்றாள். அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை. "காயறதுக்குள்ள புரட்டு."