மண்டபத்து இரைச்சல்

கூட்டம் நன்றாக நடந்தால் மைக் செட்காரனை யாரும் நினைக்க மாட்டார்கள். கெட்டால் மட்டும் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பும். என் அத்தா செருப்பு விற்ற கடையின் பின்பாதியில் மைக் செட் வைத்து, இருபது வருடமாக ஏற்காட்டில் இதே பிழைப்பு. இன்றைக்கும் கூட்டம் தொடங்குமுன் எனக்கு வேர்த்துவிடும். "பேசறது அவங்க, வேர்க்கிறது உங்களுக்கா?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அன்று மலைக் கிராமங்களுக்கான குறைகேட்புக் கூட்டம். சேலத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பனி இறங்குவதற்குள் மலையிறங்க வேண்டும், நாலு மணிக்கு மேல் இருக்க மாட்டார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வயர் இல்லாத மைக்குகள் மூன்று. ஒன்று அதிகாரிக்கு, ஒன்று கூட்டத்தை நடத்தும் கிளார்க்குக்கு, இன்னொன்று கிராமத்து மக்களுக்கு. காலையிலேயே மூன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். கணீரென்று இருந்தன.

கொட்டச்சேட்டிலிருந்து வந்த ஒரு பெண் உள்ளே நுழைந்ததுமே நேராக என் மேசைக்கு வந்தார். காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை பஸ் நின்றுவிட்டது. பிளஸ் டூ படிக்கும் மகள், காட்டெருமை திரியும் எஸ்டேட் வழியாக விடியுமுன்னே நடந்து வருகிறாள். அதைச் சொல்லத்தான் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்.

"ஏனுங்க பாய், நான் பேசறது அவருக்கு நல்லாக் கேக்குமுங்களா? எனக்குச் சத்தமாப் பேச வராதுங்க."

"நீங்க மெதுவாவே பேசுங்க. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். அதுக்கு நானாச்சு" என்றேன்.

மேடைப் பேச்சுகள் முடியவே மூன்றேகால் ஆகிவிட்டது. கிளார்க் அந்தப் பெண்ணை முதலில் அழைத்துவிட்டு, தன் மைக்கை என் மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பின்வரிசையில் அந்தப் பெண் எழுந்தார். "சார், எங்கூட்டுப் பொண்ணு..." என்று தொடங்கியதும் கரகரவென்று ஓர் இரைச்சல் வந்து பேச்சை விழுங்கிவிட்டது. முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஓடினேன். மைக்கை வாங்கி, "ஒன்று, இரண்டு" என்றேன். சுத்தமாகக் கேட்டது. கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். அவர் வாயைத் திறந்தார். மறுபடியும் கரகர. மறுபடி ஓடினேன். நான் பக்கத்தில் போனதும் இரைச்சல் நின்றது. என் கையில் சரியாகப் பேசுகிற மைக், அவர் கையில் மட்டும் ஏன் இப்படி அலறுகிறது? கடிகாரம் மூன்றரை காட்டியது. அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பயமாகவும் இருந்தது.

"அடியில புடிக்காதீங்க. நடுவுல புடிங்க. நீங்க புடிக்கிறதுலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அந்த மைக் ஆனில் இருந்தது. நான் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. மைக்கின் நடுவில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். நான் மேசைக்கு வந்து சேர்ந்ததும் மூன்றாவது முறையாக இரைச்சல்.

"மனுவா எழுதிக் கொடுத்துடுங்கம்மா. அடுத்தவங்க" என்றார் அதிகாரி. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து எழுந்தவர் மஞ்சக்குட்டை விவசாயி ஒருவர். மைக் பிடித்துப் பழக்கப்பட்டவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருக்கும் அதே கரகர. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணின் கையில் தப்பே இல்லை. நான் ஓடிப் போனேன், இரைச்சல் நின்றது. "பாய், நீங்க எம்பக்கத்துலயே நின்னுக்குங்க, நொம்ப நல்லாக் கேக்குது" என்று அவர் சொல்ல, மண்டபமே சிரித்தது.

பேட்டரியையாவது மாற்றிப் பார்ப்போம் என்று ஜெர்கின் பாக்கெட்டில் கையை விட்டேன். விரலில் நான்காவது மைக் தட்டுப்பட்டது. இளஞ்சூடாக இருந்தது.

முன்பொரு நிக்காஹ்வில் பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதும்போது பேட்டரி தீர்ந்துபோய் மானம் போயிற்று. அன்றிலிருந்து அவசரத்துக்கென்று ஒரு மைக்கை ஆன் செய்தே பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். குரல் கேட்காதபடி மியூட்டில் போட்டுவிடுவேன். ஆனால் மியூட்டில் போட்டால் குரல்தான் நிற்கும், மைக் விடுகிற ரேடியோ அலை நிற்காது. ஆனில் இருக்கும் இரண்டு மைக்குகள் ஒட்டி இருந்தால் இரண்டின் அலையும் கலந்து புதிதாக ஓர் அலை பிறக்கும். அது மூன்றாவது மைக்கின் பேச்சில் போய் விழுந்து கெடுக்கும். இதை மற்ற மைக் செட்காரர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மேசைமேல் கிளார்க் அணைக்காமல் வைத்த மைக், அதை ஒட்டி என் பாக்கெட். நான் எழுந்து ஓடியபோதெல்லாம் இரைச்சலையும் பாக்கெட்டில் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். வந்து உட்கார்ந்தபோதெல்லாம் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன்.

பாக்கெட்டுக்குள்ளேயே அதை அணைத்தேன். நான் மேசைக்குத் திரும்பிய பிறகும் விவசாயியின் குரல் தெளிவாக வந்தது. அவர் பேசி முடித்தபோது நாலு மணிக்கு ஐந்து நிமிடம்.

எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அரசாங்கக் கூட்டமெல்லாம் எனக்குத்தான் வரும், அது கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். கிளார்க்கின் காதில், "மைக்கு சரியாயிருச்சுங்க. கொட்டச்சேட்டு அம்மாவ இன்னொருக்காக் கூப்புடுங்க" என்று மட்டும் கெஞ்சினேன். ஏதோ மைக்குக்கு வந்த காய்ச்சல் தானாக விட்டுப்போன மாதிரி சொன்னேன்.

எழுந்துவிட்ட அதிகாரி, கிளார்க் போய்ச் சொன்னதும் அரைமனதாக உட்கார்ந்தார். அந்தப் பெண் மைக்கை வாங்கினார். அதே இரண்டு விரல், அதே நடுப்பகுதி.

"மன்னிச்சுக்குங்க சார். முன்ன எனக்குப் புடிக்கத் தெரியாமக் கெடுத்துப்போட்டனுங்க."

நான் வாக்குக் கொடுத்தபடியே கடைசி பெஞ்சு வரை கேட்டது. நான் கீழே குனிந்து ஸ்பீக்கர் வயரைச் சுற்றுவதுபோல் பாவனை செய்தேன். அவர் மகளைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் சொன்னார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டார், எழுதிக்கொண்டார். மறுமாதம் காலை பஸ் வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் மனசு கேட்காமல் ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். அந்தப் பெண் தன் ஊர்க்காரர்களோடு ஏறி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, தப்பு உங்க மேல இல்லைங்க. என் பாக்கெட்டுல இன்னொரு மைக்கு ஆன்ல இருந்துச்சு. அதுதான் கெடுத்துச்சு."

அவர் ஜீப்பிலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"அப்ப நான் சரியாத்தான் புடிச்சனுங்களா?"

"சரியாத்தான் புடிச்சீங்க."

கோபப்படுவார் என்று நின்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, ஜீப்பில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நான் சரியாத்தான் புடிச்சனாம்! பாய் சொல்றாரு!"

ஜீப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். நான் முதலில் சொன்னதை மண்டபத்தில் கேட்டவர்கள் இருநூறு பேருக்குக் குறையாது.